பாப்பாவுக்கு, ரங்கூனிலிருந்து

பாப்பா,

சாப்பிட்டாயா? உன் குரல் கேட்டு நாற்பது நாளாகிறது. குறை சொல்லவில்லை, வேலை இருக்கும். இங்கே கரண்ட் வந்து வந்து போகிறது, நீ கூப்பிட்டு நாங்கள்தான் எடுக்காமல் விட்டோமோ என்று அம்மா தினமும் புலம்புகிறாள். லெபெட் ஊறல் தேயிலை பார்சல் வந்ததா? நேரத்துக்குச் சாப்பிடு. என் மகள் சிங்கப்பூரில் மூளை ஆராய்ச்சி பண்ணுகிறாள் என்று கோயிலில் யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன், அந்த மகளுக்கு ஒரு நிமிஷம் போன் பண்ண முடியவில்லை.

கடைசியாகப் பேசினபோது லேபில் ஒரு எலி உன் உள்ளங்கையில் வந்து தானாக உட்காருகிறது என்று ஆரம்பித்தாய். "மிருகத்துக்கு என்ன தெரியும், வேலையைப் பார்" என்று நான்தான் வாயை அடைத்தேன். அப்புறம் தூக்கம் வராமல் போனில் தேடித் தேடிப் படித்தேன். உணர்வுக்கு வேண்டிய நரம்பு அமைப்பு மனிதனுக்கு மட்டும் சொந்தமில்லை, பாலூட்டி, பறவை எல்லாவற்றுக்கும், ஆக்டோபஸுக்கும்கூட இருக்கிறது என்று 2012-இல் கேம்பிரிட்ஜில் விஞ்ஞானிகள் சேர்ந்து அறிக்கையே விட்டிருக்கிறார்கள். 2024-இல் நியூயார்க்கில் வந்த அறிக்கையில் மீன், நண்டு, பூச்சி வரைக்கும் வருகிறது. உணர்வு உண்டு என்று அடித்துச் சொல்லவில்லை, இருக்க வாய்ப்பிருக்கும்போது கண்ணை மூடிக்கொள்வது பொறுப்பில்லாத வேலை என்கிறார்கள். எனக்கு அது பிடித்தது.

நேற்று மொஹிங்கா மீன் நூடுல்ஸுக்கு வாங்கின கெளுத்தி உப்புப் பட்டதும் வாளியில் துள்ளியது, அம்மா மூடியின் மேல் அம்மிக் குழவியை வைத்தாள், நான் வாசலுக்குப் போய்விட்டேன். சாப்பிட்டேன், அது வேறு விஷயம். நீ சாப்பிடுகிறாயா இல்லையா?

பாப்பா, கருப்பன் ஓடிப்போகவில்லை. நாயை அனுப்பு, இல்லையென்றால் வீட்டைக் காலி பண்ணு என்று வீட்டுக்காரர் சொன்னார். நான்தான் ஃபெர்ரியில் டல்லாவுக்குக் கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தேன். ஃபெர்ரி கிளம்பினபோது குரைக்கவில்லை. வயிறு நனையும் வரை தண்ணீரில் இறங்கி நின்று என்னையே பார்த்தது. நான் இன்ஜின் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். வீட்டுக்கு வந்தால் நீ கேட்கிறாய், எங்கே இருந்தாலும் கருப்பன் நம்மை நினைக்குமா என்று. உனக்கு அப்போது எட்டு வயசு. மிருகத்துக்கு என்ன தெரியும் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொன்னேன். அப்படிச் சொல்லாவிட்டால் அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கியிருக்காது.

அம்மாவுக்கு இது தெரியாது, போனில் உளறிவிடாதே. எத்தனை மணியானாலும் கூப்பிடு. அந்த எலி என்ன ஆயிற்று?

அப்பா