பிரசவ அறைப் பணியாளர் அனைவருக்கும் எச்.ஐ.வி. பாகுபாடு களையும் பயிற்சி வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
எச்.ஐ.வி.யுடன் வாழும் ஒரு தாய்,
நாமக்கல் மாவட்டம்.
(பெயர், முகவரி, கையொப்பம் முத்திரையிட்ட தனி உறையில்)

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

நாள்: 10.09.2025

பொருள்: அரசு மருத்துவமனைகளின் பிரசவ அறைகளில் எச்.ஐ.வி. உள்ள தாய்மார்கள் ஒதுக்கப்படுவதைத் தடுக்க, மருத்துவர் முதல் தூய்மைப் பணியாளர் வரை அனைவருக்கும் செய்முறைப் பயிற்சி அளிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு வணக்கம்.

2015ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், என் மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் என் மகளைப் பெற்றெடுத்தேன். இப்போது ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்குத் தொற்று இல்லை. ஒன்றரை வயதில் எடுத்த கடைசிப் பரிசோதனையின் முடிவுத்தாளை இன்றும் அரிசிப் பானைக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். அவளை அப்படிப் பெற்றுத் தந்தது அரசு இலவசமாகக் கொடுத்த மாத்திரை. அந்த நன்றியோடுதான் இந்த மனுவை எழுதுகிறேன்.

கர்ப்பமாகி மூன்றாம் மாதம், ஆரம்ப சுகாதார நிலையத்து ரத்தப் பரிசோதனையில்தான் எனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் அரசு நம்பிக்கை மையத்தின் ஆலோசகர் கதவைச் சாத்திவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, ஒரு மணி நேரம் என்னோடு பேசினார். யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பதெல்லாம் என் முடிவு என்றார். அந்தச் சிறிய அறையில் எனக்குக் கிடைத்த மரியாதை பிரசவ அறை வாசலோடு நின்றுபோனது.

வலி எடுத்து இரவு 11 மணிக்குப் போனோம். என் அட்டையைப் புரட்டிய செவிலியர் உள்ளே திரும்பி, நம்பிக்கை மையத்துக் கேஸ் வந்திருக்கிறது, கடைசிக் கட்டிலில் போடுங்கள் என்று உரக்கச் சொன்னார். அருகில் பையைப் பிடித்தபடி என் மாமியார் நின்றிருந்தார். அதுவரை அவருக்கு எதுவும் தெரியாது. வலியின் நடுவே நான் பார்த்தது அவர் முகத்தைத்தான். அதற்குப் பிறகு நெடுநேரம் யாரும் என்னைத் தொட்டுப் பார்க்கவில்லை. பக்கத்துக் கட்டில்களுக்கெல்லாம் போய் வந்தார்கள். குழந்தையின் தலை தெரிந்த பிறகு, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஜோடிக் கையுறை போட்டுக்கொண்டு வந்தார்கள். பிரசவம் முடிந்ததும், ரத்தம் படிந்த துணிகளை நீங்களே அலசிக்கொள்ளுங்கள் என்று வாளியைத் தள்ளிவிட்டார்கள்.

அந்த வாளியை எடுத்துக்கொண்டு போனவர் என் மாமியார். சற்று முன்புதான் செய்தி தெரிந்த அந்த மனுஷி, ஒரு வார்த்தை பேசாமல் துணிகளை அலசி உலர்த்தினார். இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. எல்லாப் பெண்களுக்கும் அப்படி வாய்ப்பதில்லை ஐயா. இதேபோல் பிரசவ அறையில் உரக்கச் சொன்ன ஒரு வார்த்தையால், பச்சை உடம்போடு தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்டு, பிறகு அழைக்கப்படாமலே போனவர்களை நான் அறிவேன். கடந்த ஏழு ஆண்டுகளாக என்னைப் போன்ற கர்ப்பிணிகளுக்குத் துணையாக மருத்துவமனைக்குப் போய் வருகிறேன். நிலைமை முன்பைவிட மேம்பட்டிருக்கிறது. சில இடங்களில் மிக அருமையான செவிலியர்களைக் கண்டிருக்கிறேன். ஆனால் யார் பணியில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அந்த இரவின் தலையெழுத்து இருக்கிறது.

யாரையும் தண்டிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அன்று பணியில் இருந்த செவிலியர் என்னைவிட வயதில் சிறியவர். நான்கு கட்டில்களுக்கு அவர் ஒருவர். தொப்புள்கொடியை வெட்டும்போது அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன். அந்தப் பயத்தைப் போக்க யாரும் அவரோடு உட்கார்ந்து பேசியிருக்கவில்லை.

கையுறை விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் முழுச் சிக்கலும் அதில்தான் இருக்கிறது. எனக்கு இரண்டு ஜோடி. பக்கத்துக் கட்டிலுக்குப் பல நேரம் ஒன்றுகூட ஒழுங்காக இல்லை. நான் எச்.ஐ.வி. கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், என் நிலை ஏட்டில் இருந்தது. கடைசி நேரத்தில் பரிசோதனை எதுவும் இல்லாமல் ஓடி வருகிற பெண்ணின் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? எச்.ஐ.வி. ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்று வரும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். தடுப்பூசி போடாத பணியாளருக்கு கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரை இருக்கிறது. எல்லாருடைய ரத்தத்தையும் ஒரேமாதிரி எச்சரிக்கையோடு கையாள வேண்டும் என்ற பொதுப் பாதுகாப்பு முறை இதனால்தான் வந்தது. எங்களைத் தனியாகப் பிரித்து வைப்பதால் பணியாளருக்குப் பாதுகாப்பு கூடுவதில்லை. மற்ற கட்டில்களில் கவனம் குறைவதுதான் நடக்கிறது.

தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன என்று தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. பெருமைப்பட வேண்டிய எண். அதே எண்ணுக்கு இன்னொரு பொருளும் உண்டு: மாநிலத்தில் எச்.ஐ.வி. உள்ள ஏறக்குறைய ஒவ்வொரு தாயும் ஏதோவொரு பிரசவ அறையின் வாசலைக் கடந்தே ஆக வேண்டும். அந்த அறை சரியில்லை என்றால் அவளுக்குப் போக வேறு இடம் கிடையாது.

போக இடமில்லாதவள் மறைக்கிறாள். எனக்குத் தெரிந்த ஒரு பெண், முதல் பிரசவத்தில் பட்ட அவமானத்தால், இரண்டாவதற்கு அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு வேறு ஊர் மருத்துவமனைக்குப் போனாள். பிறந்த சில மணி நேரத்துக்குள் குழந்தைக்குக் கொடுக்க வேண்டிய, தொற்றைத் தடுக்கும் நெவிரபின் சொட்டு மருந்தைக் கேட்டு வாங்க அவளுக்குத் துணிவு வரவில்லை. இரண்டாம் நாள் காலையில் அழுதுகொண்டே என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். எந்தத் தடுப்பும் இல்லாவிட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தாயிடமிருந்து தொற்று வரக்கூடும். முறையான சிகிச்சை இருந்தால் அது 5க்கும் கீழே போய்விடுகிறது. 2014 முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வாழ்நாள் முழுவதும் மாத்திரை கொடுக்கும் ஏற்பாட்டை அரசு செய்திருக்கிறது. ஆறாவது வாரத்தில் குழந்தையின் ரத்தத்தைச் சோதிக்கவும் வழி செய்திருக்கிறது. இவ்வளவு செலவும் உழைப்பும், ஒரு கடுஞ்சொல்லுக்குப் பயந்து தாய் திரும்பி வராமல் போனால் வீணாகிவிடும்.

2018 டிசம்பரில் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்குத் தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டபோது தமிழகமே பதறியது. அடுத்த மாதம் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் அவருக்குக் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைக்குத் தொற்று இல்லை என்ற செய்தி வந்தபோது நானும் கண்ணீர் விட்டேன். அந்தச் சகோதரியின் மேல் காட்டிய பரிவு முழுவதும் நியாயமானது. மற்ற பெண்களிடம் மட்டும், உனக்கு எப்படி வந்தது என்று பிரசவ வலியில் கேட்கிறார்கள். எப்படி வந்திருந்தாலும் வலி ஒன்றுதான், பிள்ளை பிறக்கும் வழியும் ஒன்றுதான்.

நான் கேட்பது சலுகையும் அல்ல, புதிய திட்டமும் அல்ல. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017 நடைமுறைக்கு வந்து இன்றோடு ஏழு ஆண்டுகள் ஆகின்றன. ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது என்று அதன் 8ஆம் பிரிவு சொல்கிறது. மருத்துவமனைப் பணியாளர்களுக்குப் பாதுகாப்புச் சாதனங்களும், அவற்றைப் பயன்படுத்தும் பயிற்சியும், தற்செயலாக ரத்தம் பட்டுவிட்டால் தடுப்பு மருந்தும் கொடுப்பது நிறுவனத்தின் கடமை என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே சட்டம் பாதுகாப்புத் தருகிறது என்பதைப் பிரசவ அறையில் வேலை செய்கிறவர்களில் எத்தனை பேருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

எனவே தங்களை வேண்டிக்கொள்வது இதுதான். மாநிலத்தின் ஒவ்வொரு பிரசவ அறையிலும், அங்கே வேலை செய்யும் முழுக் குழுவுக்கும் ஒன்றாக அமர்த்திச் செய்முறைப் பயிற்சி தரப்பட வேண்டும். குழு என்று சொல்லும்போது மருத்துவர், செவிலியரோடு ஒப்பந்தத்தில் வரும் தூய்மைப் பணியாளர், ஆயா, வாசல் காவலாளி ஆகியோரையும் சேர்த்தே சொல்கிறேன். இதுவரை நான் பார்த்த பயிற்சிகளில் அவர்களுக்கு நாற்காலி போடப்பட்டதே இல்லை. ரத்தத்தைத் துடைப்பவர் அவர், துணியைத் தூக்குபவர் அவர், கட்டிலைக் காட்டுபவர் அவர். பயமும் அவருக்குத்தான் அதிகம், கையுறை கிடைப்பதும் அவருக்குத்தான் கடைசியில்.

ஒரு மண்டபத்தில் 200 பேரை உட்கார வைத்துத் திரையில் படம் காட்டி, மதியச் சாப்பாட்டோடு அனுப்பிவிடும் பயிற்சியாக இது ஆகிவிடக் கூடாது. பயம் கையில் இருக்கிறது, ஆகவே கைதான் பழக வேண்டும். தான்சானியாவின் கிளிமஞ்சாரோ பகுதியில், பிரசவக் குழுவினர் ஒரு பிரசவத்தையே நடித்துப் பார்த்து, பிறகு வட்டமாக அமர்ந்து என்ன நடந்தது என்று பேசும் முறையில் இத்தகைய பயிற்சியைச் செய்து பார்த்திருக்கிறார்கள். நம் செவிலியர் ஒருவர் அந்தக் கடைசிக் கட்டிலில் கர்ப்பிணியாகப் படுத்து, தன் பெயருக்குப் பதிலாகக் கேஸ் என்று அழைக்கப்படுவதை ஒருமுறை காதால் கேட்டால் போதும். ரத்தம் சிந்தினால் பிளீச்சிங் கரைசல் எவ்வளவு நேரம் ஊற வேண்டும், ஊசி குத்திவிட்டால் அடுத்த நிமிடம் என்ன செய்வது, தாயின் நிலையை உறவினர் காதில் விழாமல் பணி மாறும்போது எப்படிச் சொல்லிவிட்டுப் போவது என்பதையெல்லாம் அந்த அறையிலேயே செய்து பழக வேண்டும். பாலூட்டலும் இதில் வர வேண்டும். ஒரு செவிலியர் தாய்ப்பால் கொடு என்கிறார், இன்னொருவர் கூடாது என்று பவுடர் பாலைக் கரைக்கிறார். முதல் மாதங்களில் இரண்டையும் கலந்து கொடுப்பதுதான் குழந்தைக்குக் கேடு.

பயிற்சி அளிப்பவர்களில் எச்.ஐ.வி.யுடன் பிள்ளை பெற்ற தாய் ஒருவரும் இருக்க வேண்டும், அவருக்கு உரிய மதிப்பூதியத்தோடு. பெயர் வெளியில் தெரியாது என்ற உறுதி தரப்பட்டால் நான் வருவேன். என்னோடு வரக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஓர் இயக்ககத்தின் கீழும், அரசுத் தலைமை மருத்துவமனைகள் இன்னொன்றின் கீழும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மூன்றாவதன் கீழும் இருக்கின்றன. வலி எடுத்த பெண்ணோ ஒரே இரவில் 108 வண்டியில் இம்மூன்றையும் கடந்து போகிறாள். ஓர் இயக்ககம் மட்டும் பயிற்சி கொடுத்தால் அவளுக்குப் பயனில்லை. தங்களுக்கு இந்த மனுவை அனுப்பக் காரணமும் அதுதான். லக்ஷ்யா திட்டத்தில் பிரசவ அறைகளின் தரத்தை ஆய்வு செய்ய வரும் குழுவினர் சுவரையும் கருவியையும் பார்ப்பதோடு, எச்.ஐ.வி. உள்ள தாய்க்குத் தனி அடையாளம் வைக்கப்படுகிறதா, கட்டிலிலோ கேஸ் ஷீட்டின் மேல் அட்டையிலோ குறியீடு எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் கேட்கும்படி ஆணையிட வேண்டும்.

பயிற்சி மட்டும் கொடுத்து, இரவுப் பணிக்குக் கையுறை இல்லாமல் போனால் கற்றதெல்லாம் விடிவதற்குள் மறந்துவிடும். ஊசி குத்தினால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டிய தடுப்பு மாத்திரை பகலில் மட்டும் திறக்கும் அலமாரியில் பூட்டிக் கிடக்காமல் பிரசவ அறையிலேயே இருக்க வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மருத்துவமனைகளில் புகார் அலுவலரை நியமிக்க இதே சட்டம் சொல்கிறது; அவர் யார் என்று பிரசவ வார்டு சுவரில் எழுதி வைக்கச் செய்ய வேண்டும். நான் துணைக்குப் போன எந்த வார்டிலும் அப்படியொரு பெயரைப் பார்த்ததில்லை.

நாட்டிலேயே முதன்முதலில் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தது 1986இல் சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும். இதற்கெனத் தனிச் சங்கம் அமைத்து மற்ற மாநிலங்களுக்கு வழிகாட்டியதும் தமிழ்நாடுதான். முதல் கட்டமாக ஒரு மாவட்டத்தில், அங்குள்ள எல்லாப் பிரசவ அறைகளிலும் இந்தப் பயிற்சியைத் தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அது என் மாவட்டமாக இருந்தால் மகிழ்வேன்.

என் மகளிடம் நான் இன்னும் எதையும் சொல்லவில்லை. கேள்வி கேட்கும் வயதுக்கு வந்துகொண்டிருக்கிறாள்; நானே, என் வாயால், நல்ல நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால்தான் என் பெயரை இந்தத் தாளில் எழுதாமல் உறைக்குள் வைத்திருக்கிறேன். தாங்கள் மட்டும் பிரித்துப் பார்த்து, பதிலை அதிலுள்ள முகவரிக்கு, அனுப்பும் உறையின் மேல் துறையின் பெயரோ பொருளோ குறிப்பிடாமல் அனுப்பும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம் உறையில்)

நகல்: திட்ட இயக்குநர், தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம், சென்னை.