தோட்டத்தில் உன் பங்கு

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்பு மகளுக்கு,

நம் செவ்வந்தித் தோட்டத்தை விற்றுப் பங்கு பிரித்துக்கொள்ளலாமே என்று கேட்டிருந்தாய். நிலம் நம்முடையது இல்லை, அம்மா. கேமரன் மலையில் பல தோட்டக்காரர்களைப் போல நாமும் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தற்காலிக உரிமத்தில்தான் பயிரிடுகிறோம். விற்பதென்றால் இரும்புக் குழாயும் பிளாஸ்டிக் கூரையும்தான் மிஞ்சும்.

தாத்தா லிட்டில் இந்தியாவில் மாலை கட்டியவர். பினாங்கு வெயிலில் செவ்வந்தி சரியாகப் பூக்காது. பூவெல்லாம் மலையிலிருந்தே இறங்கும். வாங்கி விற்பதைவிட நாமே வளர்க்கலாம் என்று கேமரன் மலையிலுள்ள பிரிஞ்சாங் ஊருக்கு ஏறினார். முதலில் திறந்தவெளியில்தான் நட்டார். மழைநீர் இதழுக்குள் தேங்கிப் பூ அழுகியது. அதன்பிறகே கொட்டகை வந்தது. குளிர்நாட்டுப் பசுமைக்குடில் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். நம்முடையது மழையைத் தடுத்தால் போதும். பக்கங்கள் காற்றுக்குத் திறந்திருக்கும்.

பெயர்ப்பலகையில் தாத்தாவின் பெயர் இருக்கிறது. ஆனால் அந்தத் தொழிலை நடத்தியவர் உன் பாட்டி. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். இரவு நீண்டால்தான் செவ்வந்தி மொட்டு விடும். நம் நாட்டில் ஆண்டு முழுவதும் இரவு ஏறக்குறைய 12 மணி நேரம். அப்படியே விட்டால் நாற்று சாண் உயரத்திலேயே மொட்டு வைத்துவிடும். அந்தப் பூவை யார் வாங்குவார்? அதனால் நள்ளிரவில் விளக்கேற்றி இருட்டை உடைக்கிறோம். தண்டு வேண்டிய உயரம் வந்ததும் விளக்கை நிறுத்த வேண்டும். அதிலிருந்து எட்டு, ஒன்பது வாரத்தில் அறுவடை. எந்தப் பாத்தியின் விளக்கை எந்த நாளில் அணைப்பது என்பதைப் பாட்டிதான் முடிவு செய்வார். தைப்பூசத்திலிருந்தும், சீனர்கள் கல்லறைக்குப் போகும் செங் பெங்கிலிருந்தும் பின்னோக்கி எண்ணுவார். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. அவர் சொன்ன நாளில் பூ தவறியதில்லை என்று மலையில் இன்றும் பேசுகிறார்கள். எனக்கு அதில் இருக்கும் பெருமையை எழுதி முடியாது.

1998இல் டாலருக்கு 3.80 வெள்ளி (ரிங்கிட்) என்று நிர்ணயித்தபோது உரமும் பிளாஸ்டிக்கும் விலை ஏறியிருந்தன. அதையும் கடந்தோம். ஜப்பானுக்கு அனுப்பத் தொடங்கியது பிறகுதான்; அங்கே சோதனையில் உயிருள்ள பூச்சி அகப்பட்டால் பூச்சியைக் கொல்லும் வாயுவைச் செலுத்துவார்கள், பூ வாடிவிடும்.

2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு. கோயில்கள் மூடின, வாங்க ஆளில்லை. வெட்டிய பூவைக் குழியில் கொட்டினோம். உன் தம்பி மட்டும் தாய்ச்செடிகளுக்குத் தினமும் தண்ணீர் விட்டான். அவை பட்டுப்போயிருந்தால் மறுபடி நட ஒரு துண்டுத் தண்டுகூட இருந்திருக்காது. இன்று தோட்டம் இருக்கிறதென்றால் அவனால்தான்.

பழைய குண்டு பல்புகளை மாற்றி எல்இடி விளக்குகள் போட வேண்டும் என்கிறான். உன் பங்கை அதில் விட்டுவைக்க உனக்குச் சம்மதமா? இல்லையென்றால் மாலைக்கடை வருமானத்திலிருந்து சிறுகச் சிறுகக் கொடுத்துவிடுகிறேன், மனத்தாங்கல் இருக்காது. உரிமம் புதுப்பிக்கும் முன் பதில் எழுது. தம்பியிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா