கரிமூட்டப் புகையும் கடற்காற்றும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்கினி நட்சத்திரம் குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையில், கடற்காற்று வீசுவதால் ராமநாதபுரம் கடலோரத்தில் புகை தங்காது என்று ஒரு வரி இருந்தது. சாயல்குடிக்குத் தெற்கே, கடலுக்கு நடந்தே போய்விடும் தூரத்தில் குடியிருக்கிறேன். இங்கே நடப்பது வேறு.

எங்கள் ஊருக்கும் கடலுக்கும் நடுவில் கரிமூட்டம் போடுகிறார்கள்; விறகை அடுக்கி, மண்ணால் மூடி, புகையவிட்டுக் கரியாக்குவது. காலை ஒன்பது, பத்து மணிக்கு அந்தப் புகை நேராக மேலே ஏறிப் போகும். பன்னிரண்டு மணி வாக்கில் தெற்கிலிருந்து கடற்காற்று வீசத் தொடங்கியதும், அதே புகை படுத்துக்கொண்டு ஊருக்குள் வரும். கொடியில் காயும் துணியெல்லாம் கரி வாடை. மூச்சிளைப்பு உள்ள என் பேரனை உள்ளே வைத்துச் சன்னலைச் சாத்த வேண்டியிருக்கிறது.

காரணம் எளிதுதான். கருவேலங்காடும் தரிசும் வெயிலில் கொதிக்கும் வேகத்தில் மன்னார் வளைகுடா சூடாவதில்லை. தரைமேல் சூடான காற்று எழும்ப, கடல்மேல் இருந்த குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வருகிறது. குளிர்ந்த காற்று கனமானது, தரையை ஒட்டியே வரும். அதற்கு மேலே வெப்பமான காற்று மூடி போட்டதுபோல் நிற்கும். அந்த மூடிக்குக் கீழேதான் புகை கலைய முடியும். கரையோரத்தில் அந்த இடம் சில நூறு மீட்டர்தான். சுடுதரைமேல் உள்ளே போகப் போக, அடியிலிருந்து சூடேறி மூடி உயர்கிறது. கமுதி, பரமக்குடிப் பக்கம் மே மாதப் பிற்பகலில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரம்வரை காற்று கலங்கும். அங்கே கலைகிற புகை இங்கே கலையாது. உயரமான புகைபோக்கி வைத்தால் தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. கரையில் மூடிக்கு மேலே போகும் புகை, கடலைவிட்டுத் தள்ளி, மூடி உயர்கிற ஊர்களில் போய்த் தரையிறங்கும்.

கச்சான் என்கிற மேல்காற்று ஓங்கி அடிக்கிற நாளில் கடற்காற்று இரண்டு மணிக்கு மேல்தான் வருகிறது. அன்று வெயில் கொன்றுவிடும், ஆனால் புகை கிழக்கே போய்விடும்.

மூட்டம் போடுகிறவர்களும் எங்கள் சனம்தான். மழை பொய்க்கும் ஊரில் கருவேலங்கரிதான் பல வீடுகளுக்குச் சோறு போடுகிறது. அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. இடத்தை மட்டும் மாற்றலாம். கோடையில் பகலில் தெற்கிலிருந்தும், இரவில் கரைக்காற்றாக வடக்கிலிருந்தும், கச்சானாக மேற்கிலிருந்தும் காற்று வருகிறது. அப்படியானால் ஊருக்குக் கிழக்கே, நன்றாகத் தள்ளிப் போடுவதுதான் சரி. அனுமதி கொடுப்பவர்கள் தூரத்தை மட்டும் பார்க்காமல் திசையையும் பார்க்க வேண்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். பாம்பன், தொண்டி வெப்பநிலையைத் தினமும் வெளியிடுகிறீர்கள். கோடை முடியும்வரை அதன் பக்கத்திலேயே காற்றின் திசையையும், கடற்காற்று எத்தனை மணிக்கு வந்தது என்பதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
சாயல்குடி வட்டாரம்