பந்து விளையாடுற கழகமா, அரிசி மா குடுக்கிற கழகமா? எங்கள் கழகச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, வந்திருக்கும் அண்ணன்மார், தம்பிமார், அக்கா தங்கச்சிமார் எல்லோருக்கும் வணக்கம். காத்தான்குடியில் இருந்து வந்திருக்கும் நண்பர்களுக்கு ஸலாம். மண்டபத்தில் வாசிப்பதற்கும் அப்புறம் வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக வட்ஸ்அப் குழுவில் போடுவதற்கும் சேர்த்து ஒரே அறிக்கையாக எழுதியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளம். தேநீர் ஆறினால் செயலாளரைத் திட்ட வேண்டாம்.

போன வருடப் பொதுக்கூட்டம் முடிகிற நேரம் பின்வரிசையில் இருந்து நம் மூத்த உறுப்பினர் ஒருவர் எழும்பி, "மனே, இது பந்து விளையாடுற கழகமா, அரிசி மா குடுக்கிற கழகமா? அதைச் சொல்லிப்போட்டு மற்றக் கதையைக் கதை" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் நம் பேஸ்புக் பக்கத்தைத் திறந்து பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை. அந்த வருடம் போட்ட படங்களில் பந்து இருந்ததை விட அரிசிப் பொதி இருந்ததுதான் கூட. இந்த அறிக்கை அவருக்கு ஒரு வருடம் பிந்திய பதில்.

முதலில் விளையாட்டைச் சொல்லி முடிக்கிறேன், சொல்ல அதிகம் இல்லை. உதைபந்தாட்டத்தில் காலிறுதியோடு வெளியே வந்தோம், பெனால்டியில். கோல்கீப்பரைக் குறை சொல்கிறவர்கள் ஒரு நாள் கையுறையை மாட்டிக்கொண்டு கம்பத்துக்கு நடுவில் நின்று பார்க்கலாம். மென்பந்து கிரிக்கெட்டில் ஒரு கிண்ணம் வந்தது, அது அலுமாரியில் இருக்கிறது.

சரி, பொதிக் கதைக்கு வருவோம். மாரியில் வாவி நிரம்பி, அது கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டினால்தான் தண்ணீர் வடியும் என்ற நிலை வந்தால் நம் பக்கத்துத் தாழ்ந்த ஒழுங்கைகளில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் கிழமை நாங்களும் உலருணவுப் பொதி கொடுத்தோம். நல்ல மனதோடுதான் கொடுத்தோம். ஆனால் பெரிய பெனர் ஒன்று கட்டி, அதற்கு முன்னால் சனத்தை வரிசையில் விட்டு, ஒவ்வொருவராகப் பொதியை வாங்கவைத்துப் படம் எடுத்தோம். ஒரு தாய் சேலைத் தலைப்பால் முகத்தை மூடினா. "அம்மா, இங்க பாருங்க" என்று சொன்னது வேறு யாரும் இல்லை, நான்தான். அவவுடைய மகன் நம் 15 வயது அணியில் ஓடுகிற பிள்ளை. அடுத்த இரண்டு கிழமையும் பயிற்சிக்கு வரவில்லை. தேடிப் போனேன். வாசலுக்கு வந்து, "அண்ணே, வகுப்பில அந்தப் போட்டோவைக் காட்டிச் சிரிக்கிறாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

அன்று இரவே அந்தப் படங்களைப் பேஸ்புக்கில் இருந்து நீக்கிவிட்டேன். நீக்கியது ஏன் என்று சிலர் கேட்டீர்கள், இதுதான் காரணம்.

இந்தக் கதையை இங்கிலாந்தில் இருக்கும் நம் பழைய கோல்கீப்பரிடம் போனில் சொன்னபோது அவர் லிவர்பூல் நகரத்துக் கதை ஒன்றைச் சொன்னார். அங்கே எவர்டன், லிவர்பூல் என்று இரண்டு பெரிய தொழில்முறைக் கழகங்கள், ஜென்மப் பகை. ஆனால் 2015இல் இரண்டு பக்க ரசிகர்களும் ஒன்றாகச் சேர்ந்து, ஆட்டம் நடக்கும் நாளில் மைதானத்துக்கு வெளியே நின்று உணவு வங்கிக்காகச் சாமான் சேர்க்கத் தொடங்கினார்கள். ஆட்டம் பார்க்க வருகிறவர் ஒரு பேணி மீனோ ஒரு பக்கெட் பாஸ்தாவோ கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போவார். வாங்கிக்கொண்டு போய்ச் சமைக்கிற வீட்டுக்காரர் யார் என்று அவருக்குத் தெரியாது. "மச்சான், குடுக்கிறவன்ட முகம் தெரியும், வாங்கிறவன்ட முகம் தெரியாது. நீங்க மாறிச் செய்திருக்கிறீங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

அதற்குப் பிறகு நானாகவே தேடி வாசித்தேன், நித்திரை கெட்டு. இங்கிலாந்தில் கழகங்கள் ஊருக்குள் இறங்கி வேலை செய்வதைத் திட்டமாக ஆரம்பித்தது 1986இல், வடமேற்கில் ஆறு கழகங்களோடு, தொழில்முறை வீரர்களின் சங்கம் முன்னின்று. அந்தக் காலம் அங்கே வேலையில்லாத் திண்டாட்டம், மைதானத்தில் அடிதடி, ஆட்டம் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிவரப் பெற்றோருக்குப் பயம். ஆக, ஊருக்குக் கழகம் தேவைப்பட்ட அளவு கழகத்துக்கும் ஊர் தேவைப்பட்டது. எவர்டன் 1988இலேயே தன் சமூக வேலையைத் தொடங்கிவிட்டது. இப்போது அங்கே வீரர்களின் ஒப்பந்தத்திலேயே வாரத்தில் சில மணி நேரம் இப்படியான வேலைக்கு வர வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவனுக்கே அப்படி என்றால், நம் சீனியர் வீரர்கள் பிள்ளைகளுக்கான நம் சனிக்கிழமை வேலைக்கு (அதைப் பின்னால் சொல்கிறேன்) காலை எட்டு மணிக்கு எழும்ப முடியாது என்று சொல்வதை நான் ஏற்கப்போவதில்லை. யாரைச் சொல்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

என்னை அதிகம் பிடித்துக்கொண்டது செல்டிக் கழகத்தின் கதை. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் 1887 நவம்பரில் தொடங்கியது. தொடங்கியவர் வால்ஃபிரிட் என்ற அயர்லாந்துக்காரத் துறவி, பள்ளிக்கூட ஆசிரியர். அவருக்குப் பந்து முக்கியமில்லை, நகரத்தின் கிழக்குப் பக்கத்துப் பிள்ளைகள் பட்டினியோடு பள்ளிக்கு வந்ததுதான் பிரச்சினை. ஆட்டம் வைத்தால் சனம் வரும், சனம் வந்தால் காசு வரும், காசு வந்தால் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. 1888 மே மாதம் முதல் ஆட்டம், ரேஞ்சர்ஸ் அணியோடு, 5க்கு 2 என்று வென்றார்கள். அவருடைய சாப்பாட்டு மேசையில் ஒரு பழக்கம் இருந்தது. சாப்பாட்டுக்கு ஒரு பென்னி. வீட்டில் இருந்து பாண் கொண்டுவந்தால் அரைப் பென்னிக்குக் கோப்பை நிறைய சூப். அதுவும் இல்லாத பிள்ளைக்குச் சும்மா. எல்லாப் பிள்ளையும் ஒரே மேசையில். நூற்று முப்பது வருடத்துக்கு மேலான கதை, ஆனால் அந்தத் துறவி நம் பெனருக்கு முன்னால் நின்றிருந்தால் எனக்கு என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன்.

ஆனால் அந்தக் கதைக்கு அடுத்த பாதியும் உண்டு. 1892இல் அவரை லண்டனுக்கு மாற்றினார்கள். 1897இல் கழகம் கம்பனி ஆனது. பிறகு பிள்ளைகளின் மேசை பின்னுக்குப் போய்விட்டது. தொடங்கிய ஆளையே நம்பியிருந்த வேலை ஆள் போனதும் படுத்துவிடும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். நம் சனிக்கிழமை வேலை இப்போது மூன்று பேரின் தலையில் இருக்கிறது, அதில் ஒருவர் மார்கழிக்குப் பிறகு கட்டார் போகிறார்.

வெளியூர்க் கதை மட்டும் ஏன் என்று கேட்பீர்கள். மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் விளையாடாத ஆள் இந்த மண்டபத்தில் குறைவு. அந்தப் பெயருக்குரிய வெபர் அடிகளார் இயேசு சபையின் நியூ ஓர்லியன்ஸ் பிரிவைச் சேர்ந்த அமெரிக்கத் துறவி. புனித மிக்கேல் கல்லூரியில் பிள்ளைகளை மைதானத்தில் இறக்கியே வளர்த்தார். அந்த நியூ ஓர்லியன்ஸ் நகரத்தை 2005 ஆகஸ்டில் கத்ரினா புயல் அழித்தது, நமக்குச் சுனாமி வந்து எட்டு மாதம்தான். அங்கே செயின்ட்ஸ் என்ற தொழில்முறை அமெரிக்கன் ஃபுட்போல் அணியின் மைதானம் அகதி முகாமானது, நம் பள்ளிக்கூடங்கள் ஆனதைப் போல. அந்த அணி ஒரு பருவம் முழுக்க வேறு ஊர்களில் விளையாடி, 2006 செப்டெம்பரில் திரும்பிவந்து அதே மைதானத்தில் ஆடியபோது சனம் அழுததாம். நம்புகிறேன். கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலின் சுனாமியில் சாய்ந்த கோபுரத்தைத் தினமும் பார்க்கிற நமக்கு அது விளங்கும்.

சரி, இந்த வருடம் நாங்கள் என்ன செய்தோம்? புதிதாக எதுவும் வாங்கவில்லை. நம்மிடம் ஏற்கனவே இருக்கிறதைத்தான் திறந்துவிட்டோம்: மைதானம், சனிக்கிழமை காலை, பெரிய பிள்ளைகளைக் கண்டால் சின்னப் பிள்ளைகளுக்கு வரும் மரியாதை. எட்டு மணிக்குப் பந்து, ஒன்பதரைக்குச் சாப்பாடு, பிறகு வாகை மரத்தடியில் ஒரு மணி நேரம் வீட்டுப்பாடம். பல்கலைக்கழகம் போகிற நம் பிள்ளைகள் இருவர் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சாப்பாடு என்றால் அவித்த கௌபி, கச்சான், சோளன் காலத்தில் சோளன், மழை நாளில் கஞ்சி. பெயர்ப் பட்டியல் இல்லை, கூப்பன் இல்லை, பெனர் இல்லை, படம் இல்லை. பயிற்சியாளரும் நானும் பிள்ளைகளோடு அதே வரிசையில் நின்று அதே சட்டியில் இருந்துதான் வாங்குகிறோம். யார் பசியில் வந்தது, யார் ருசிக்கு வந்தது என்று யாருக்கும் தெரியாது. வாசலில் இருந்து திரும்பிப் போன அந்தப் பிள்ளை ஐந்தாவது கிழமை வந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை, பந்தைக் கொடுத்தேன்.

சப்பாத்துப் பெட்டி ஒன்றும் வைத்தோம். கால் பெருத்துப் போட முடியாத பூட்ஸைப் போடலாம், தேவையான ஆள் கேட்காமலே எடுக்கலாம். நல்ல யோசனை, நடைமுறையில் முதல் மாதம் மூன்று இடது கால் சப்பாத்து மட்டும் சேர்ந்தது. அவற்றின் சோடி உங்கள் வீடுகளில்தான் இருக்கும், தயவுசெய்து கட்டிலுக்குக் கீழே பாருங்கள்.

இரத்ததான முகாமில் தவறு என்னுடையது. கலண்டரைப் பார்க்காமல் நோன்பு மாதத்தில் திகதி குறித்துவிட்டேன். காத்தான்குடி நண்பர்கள் சண்டை பிடிக்காமல், "நானாமாரும் வரத்தானே வேணும், பெருநாள் கழியட்டும்" என்றார்கள். மாற்றினோம், அவர்களும் வந்தார்கள், அன்று பின்னேரமே ஒரு சிநேகபூர்வ ஆட்டமும் நடந்தது (இரத்தம் கொடுத்தவர்களை ஓடவிடவில்லை). இலங்கையில் 2014இல் இருந்து முழுக்கத் தொண்டர்களின் இரத்தத்தில்தான் இரத்த வங்கி நடக்கிறது, ஆகவே நாம் போகாவிட்டால் பைக்குள் ஒன்றும் இருக்காது. வயது 18க்கு மேல், நிறை 50 கிலோவுக்கு மேல், போன முறை கொடுத்து நாலு மாதம் கழிந்திருக்க வேண்டும். நம் வலது விங்கர் நிறை காணாது என்று தண்ணீர் குடித்துக் குடித்து மூன்று முறை தராசில் ஏறினார். தாதி சிரித்துக்கொண்டே வீட்டுக்கு அனுப்பினா. எதிரணிப் பின்வரிசையை உடைக்கிற நம் சென்ரர் போர்வர்ட் ஊசியைக் கண்டதும் மயங்கினதை நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெண் பிள்ளைகளின் அணி தொடங்கியது, ஆனால் மெதுவாகத்தான் போகிறது. பிள்ளைகளுக்கு ஆசை இருக்கிறது, தாய்மாரும் சம்மதம். மைதானத்தில் உடுப்பு மாற்ற மறைப்பு இல்லை, மலசலகூடக் கதவுக்குக் கொண்டி இல்லை. இதைத் திருத்தாமல் "பிள்ளைகள் வருகுதில்லை" என்று நிர்வாகக் கூட்டத்தில் கதைப்பதில் அர்த்தம் இல்லை.

ஆதரவாளர் பற்றி ஒரு வார்த்தை. ஒரு நிறுவனம் ஜேர்சி தருகிறோம் என்று சொல்லி எட்டு மாதம் அலையவைத்து, கடைசியில் தங்கள் பெயர் போட்ட ஒரு பெனரை மட்டும் தந்தது. பெயர் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் பசாரில் வாங்கிப் போட்டுத் திரிந்த பழைய பார்சிலோனா ஜேர்சியின் நெஞ்சில் யுனிசெப் (ஐ.நா.வின் சிறுவர் நிதியம்) என்று இருக்குமே, 2006இல் அந்தக் கழகம் அந்தப் பெயரைப் போடக் காசு வாங்கவில்லை, மாறாக யுனிசெப்புக்கு வருடம் 15 லட்சம் யூரோ கொடுத்தது. இதை அந்த நிறுவனத்துக்காரரிடம் சொன்னேன். "தம்பி, நாங்க பார்சிலோனா இல்ல" என்றார். அதுவும் சரிதான். பெனர் வீணாகவில்லை, மழைக்கு அடுப்படிக்கு மேலே கட்டியிருக்கிறோம், எழுத்து உள்பக்கம்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வெளிநாட்டு உறுப்பினர்கள் அனுப்பியது எல்லாம் கௌபிக்கும் விறகுக்கும் கொப்பிக்கும்தான் போனது, ரசீது கோவையில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். அரிசிப் பொதியே இனி இல்லை என்று நான் சொல்லவில்லை. வெள்ளம் வந்தால் கொடுக்கத்தான் வேண்டும். இருட்டினாப் பிறகு, வீட்டு வாசலில், படம் இல்லாமல்.

கேள்வி கேட்ட பெரியவர் இப்போது சனிக்கிழமைகளில் வருகிறார். வந்து, கௌபிக்கு உப்புக் காணாது என்கிறார். கழகம் எதற்கு என்ற கேள்வியை இன்னும் விடவில்லை.

இன்று முடிவெடுக்க வேண்டியவை: மலசலகூடக் கதவும் மறைப்பும், யார் பொறுப்பு, எப்போதைக்குள் என்று. கட்டார் போகிறவருக்குப் பதில் இரண்டு பேர், ஒருவர் போதாது. களஞ்சிய அறையின் இரண்டாவது சாவி யாரிடம் இருக்கிறது என்ற மர்மம். பிறகு, பெரிய சட்டி கோயிலில் இருந்து வாங்கிய இரவல், திருவிழாவுக்கு முதல் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வியாழக்கிழமை பின்னேரம் ஓட்டோ வைத்திருக்கிறவர் யாராவது வந்தால் நல்லது. சட்டியின் அடி கொஞ்சம் பிடித்திருக்கிறது, அதை நான் தேய்த்து வைக்கிறேன்.

செயலாளர்