அடி வாங்கியவர் கேட்ட கேள்வி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுக்காலம் ஏழாம் ஞாயிறு நற்செய்திக்கு (மத்தேயு 5:38-48) உங்கள் இதழில் வந்த மறையுரைச் சிந்தனையை இரண்டு முறை படித்தேன். பகைவருக்காக வேண்டுவது பற்றி எழுதியிருந்த பகுதி மனதைத் தொட்டது. ஆனால் வலக் கன்னத்தில் அறைபவருக்கு மறு கன்னத்தையும் காட்டச் சொல்லும் வசனத்தைப் பற்றிய பத்தியைத் தாண்ட முடியவில்லை. அடித்தாலும் வாய் திறக்காமல் பொறுத்துக்கொள்வதே கிறிஸ்தவருக்கு அழகு என்று அதில் இருந்தது. அதைப் படித்ததும் எனக்கு ஒரு முகம்தான் நினைவுக்கு வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் விவிலியப் பகிர்வுக் கூட்டத்தில் இதே பகுதியை வாசித்தோம். முடிந்ததும் வழக்கமான அமைதி. எப்போதும் கடைசியில் உட்காரும் ஓர் அக்கா, "நான் எத்தனை வருஷமா மறு கன்னத்தைக் காட்டிக்கிட்டு இருக்கேன் தெரியுமா?" என்றார். வீட்டில் அடி. ஆறுதல் தேடிப் போன இடத்திலும் இதே வசனத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு வசன எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும், இயேசுவையே ஒருவர் அறைந்தபோது அவர் என்ன செய்தார் என்று தேடினேன். யோவான் 18-ஆம் அதிகாரம். தலைமைக் குரு கயபாவின் மாமனார் அன்னாவின் முன் விசாரணை. கைகள் கட்டப்பட்டிருக்கின்றன. பதில் பிடிக்காத காவலர் ஒருவர் கன்னத்தில் அறைகிறார். இயேசு திருப்பி அடிக்கவில்லை, சாபமும் இடவில்லை. ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. நான் பேசியது தவறு என்றால் எது தவறு என்று காட்டும், சரி என்றால் ஏன் என்னை அடிக்கிறீர் என்று அந்தக் காவலரையே பார்த்துக் கேட்கிறார். அடித்தவரையும் மரியாதையோடுதான் அழைக்கிறார், ஆனால் அவர் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வியைக் கேட்கிறார். மறு கன்னத்தைக் காட்டச் சொல்லும் மலைப்பொழிவுக்கு உரை எழுதுகிறவர்கள் இந்த 23-ஆம் வசனத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும் என்பது என் ஆசை.

மத்தேயு 'வலக் கன்னம்' என்று குறிப்பாகச் சொல்வதையும் கவனிக்கலாம். எதிரே நிற்பவர் வலக் கையால் வலக் கன்னத்தில் அறைய வேண்டுமென்றால் புறங்கையால்தான் அறைய முடியும். அது அடிமையை எஜமான் அடிக்கும் அடி, இழிவுபடுத்தும் அடி என்று விளக்கும் அறிஞர்கள் உண்டு. மறு கன்னத்தைக் காட்டுவது அந்த இழிவை ஏற்க மறுப்பது என்கிறார்கள். எனக்கு அது பொருந்தி வருகிறது.

அப்புறம் இயேசுவைக் கைது செய்த இடமான கெத்சமனி. தோட்டத்தில் வாளை எடுத்தது யார்? இயேசுவின் சொந்த ஆள். தலைமைக் குருவின் பணியாளர் மால்குவின் வலக் காதை வெட்டியவர் பேதுரு என்று பெயரோடு சொல்வது யோவான் மட்டும். அந்தக் காதைத் தொட்டு நலமாக்கினார் என்று சொல்வது லூக்கா மட்டும். தம்மைப் பிடிக்க வந்த கூட்டத்தில் ஒருவருக்குத்தான் சிலுவைக்கு முன் இயேசு செய்த கடைசிக் குணமாக்கல். வாளை உறையில் போடு என்ற கட்டளையோ, கையில் வாள் வைத்திருந்த பேதுருவுக்கு! அடிபட்டுக் கிடப்பவரைப் பார்த்து இயேசு அப்படிச் சொல்லவில்லை. நம் மறையுரைகளில் பல நேரம் இது தலைகீழாகிவிடுகிறது. அகிம்சையை அடிபடுகிறவருக்குப் போதிக்கிறோம், அடிக்கிறவரைக் கண்டும் காணாமல் விடுகிறோம்.

அதே இரவில் இன்னொன்றும் நடக்கிறது. நெருப்பில் குளிர் காய்ந்துகொண்டிருந்த பேதுருவிடம், 'உன்னைத் தோட்டத்தில் பார்த்தேனே' என்று கேட்பவர் யார் தெரியுமா? காது வெட்டுப்பட்டவரின் உறவினர். பேதுரு மறுக்கிறார், சேவல் கூவுகிறது. ஆண்டவரைக் காப்பாற்ற எடுத்த வாள்தான் சில மணி நேரத்தில் பேதுருவைத் துரத்திக்கொண்டு வந்து நிற்கிறது. பல முறை படித்தும் இந்த ஒரு வரி என் கண்ணில் படாமலே இருந்திருக்கிறது.

1956 ஜனவரி 30 அன்று அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசப்பட்டபோது மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தார்கள். கொதித்துப்போய்க் கூடிய மக்களிடம், ஆயுதம் வைத்திருப்பவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போங்கள், பகைவரை நேசிக்க வேண்டும் என்றார் அவர். ஆனால் கறுப்பின மக்களைத் தனியே உட்காரவைத்த பேருந்துகளில் ஏற மறுத்து அவர்கள் நடத்திய புறக்கணிப்பு நிற்கவில்லை, மொத்தம் 381 நாள் நடந்தது. குண்டு வெடித்த இரண்டாம் நாளே, பேருந்துகளில் நிறப் பாகுபாட்டை எதிர்த்துப் பெண்கள் சிலரின் பெயரில் வழக்குத் தாக்கலானது. வாளைக் கீழே போட்டுவிட்டு, ஏன் அடிக்கிறீர் என்று கேட்டவர்கள் இவர்கள்.

பரிவு என்ற சொல்லுக்கும் இது பொருந்தும். இயேசு சொன்ன உவமையில் வரும் நல்ல சமாரியர், அடிபட்டு வழியில் கிடந்தவரிடம் 'பொறுத்துக்கொள்' என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. காயத்தைக் கட்டினார், தூக்கிக்கொண்டு போனார், சத்திரத்தில் அவரைக் கவனித்துக்கொள்ள இரண்டு தெனாரியம் என்ற வெள்ளிக் காசும் கொடுத்தார்.

அடுத்த கூட்டத்தில் யோவான் 18:19 முதல் 23 வரை வாசித்தோம். அந்த அக்கா "திரும்ப ஒரு தடவை வாசிங்க" என்றார். வாசித்தோம். அந்தப் பக்கத்தின் ஓரத்தை மடித்து வைத்துக்கொண்டார். பிறகு சில வாரங்கள் கழித்து அவர் சட்ட உதவி கேட்கப் போனபோது எங்களில் இரண்டு பேர் கூடப் போனோம். அதை முன்பே செய்திருக்க வேண்டும்.

பெரிய வெள்ளி வழிபாட்டில் ஒவ்வோர் ஆண்டும் யோவான் எழுதிய இயேசுவின் பாடுகளைத்தான் வாசிக்கிறோம். நீண்ட வாசகம் என்பதால் அந்தக் கேள்வி காதில் விழாமலே கடந்துபோய்விடுகிறது. அதற்கு முந்தைய இதழில் 18:23-ஐப் பற்றி ஒரு பக்கமாவது சிந்தனை வெளியிட வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி ஒருவர்