சான்றிதழ் போதாது, பதிவேட்டின் பக்கமே வேண்டும்

மதிப்பிற்குரிய பங்குத்தந்தையருக்கும் ஆயர் இல்ல ஆவணக் காப்பாளர்களுக்கும்,

வணக்கம். கத்தோலிக்கக் கோயில்களின் பழைய திருமுழுக்கு (ஞானஸ்நான) பதிவேடுகளிலிருந்து குடும்பங்களின் வம்சாவளியைத் தேடுகிறவர்கள் நாங்கள். எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். 100 ஆண்டு கடந்த பதிவைக் கேட்டு வருகிறவருக்குச் சான்றிதழை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பாதீர்கள். அந்தப் பக்கத்தையே படமெடுக்க விடுங்கள். 100 ஆண்டு ஆகாத பதிவுகளில் தத்துக் குழந்தைகள், தந்தை பெயர் இல்லாத குழந்தைகள் பற்றிய குறிப்புகள் இருக்கும். அவற்றை நீங்கள் காப்பதே சரி.

படியெடுக்கும்போதுதான் வம்சம் தடம் மாறுகிறது. இலத்தீன் பதிவில் 'ஃபீலியுஸ் பெத்ரி' என்று இருக்கும். 'பேதுருவின் மகன்' என்று பொருள். தந்தையின் பெயர் 'பெத்ருஸ்'. இலத்தீன் அறியாதவர் படியெடுத்தால் 'பெத்ரி' என்று ஒரு புது மனிதர் பிறந்துவிடுகிறார்! மாதமும் அப்படித்தான். '7பிரிஸ்' என்பது ஏழாம் மாதமான ஜூலை அல்ல, செப்டம்பர். அந்த மாதப் பெயரின் தொடக்கமான 'செப்தெம்' என்றால் இலத்தீனில் ஏழு. அந்த எண்ணைச் சுருக்கெழுத்தாக எழுதினார்கள். '8பிரிஸ்' அக்டோபர், '10பிரிஸ்' டிசம்பர். மூலம் கையில் இருந்தால் இந்தப் பிழைகளைத் திருத்திக்கொள்ளலாம். சான்றிதழில் ஏறிவிட்டால் திருத்த வழியில்லை.

ஓரக்குறிப்பு இன்னும் முக்கியம். 1908 ஈஸ்டரில் நடைமுறைக்கு வந்த, திருமணம் பற்றிய 'நே தெமெரே' என்ற கத்தோலிக்கத் திருச்சபை ஆணைப்படி, ஒருவர் எந்தப் பங்கில் (கோயில் வட்டாரத்தில்) மணமுடித்தாலும் அந்தச் செய்தி அவர் திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு வந்து, அவர் பெயருக்கு நேரே பதிவாக வேண்டும். 1885இல் திருமுழுக்குப் பெற்றவர் 1910இல் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதை அந்த ஓரத்தின் ஒற்றை வரி சொல்லிவிடும். திருமுழுக்கின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானப்பெற்றோர் பெயரையும் விட்டுவிடாதீர்கள். பலமுறை அவர்கள் பெற்றோரின் உடன்பிறந்தவர்கள்.

அடக்கப் பதிவேட்டையும் சேர்த்துப் பார்க்க அனுமதி தேவை. ஒரே பெற்றோருக்கு இரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு யோவான்கள் இருந்தால், முதல் குழந்தை இறந்து அதே பெயரை அடுத்ததற்கு வைத்திருக்கலாம். அது தெரியாமல் இறந்த குழந்தையின் பெயரில் கிளையை வளர்த்துவிடுகிறார்கள்.

படமெடுக்கும்போது புத்தகத்தை நகல் இயந்திரத்தில் கவிழ்த்து அழுத்த வேண்டாம், தையல் விட்டுவிடும். இரு அட்டைகளுக்கும் அடியில் துணி மடித்து வைத்து, மேலிருந்து நேராக எடுக்கலாம். ஓரமும் பக்க எண்ணும் படத்துக்குள் வரட்டும். கிழிந்த தாளில் செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். பசை மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கும். லேமினேஷன் அதைவிட மோசம், பிரிக்கவே முடியாது.

பங்கில் புத்தகம் அழிந்திருந்தாலும் நம்பிக்கை இருக்கிறது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், ஆண்டுதோறும் பதிவேடுகளின் படியை ஆயர் இல்லத்துக்கு அனுப்பச் சொன்னது. அந்தக் கட்டுகளில் எந்தப் பங்கின் எந்த ஆண்டுகள் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் வெளியிட்டாலே எத்தனையோ பேரின் அலைச்சல் மிச்சமாகும்.

அன்புடன்,
வம்சாவளி தேடுவோர்