இணையதளத்தை நாளை யார் பார்த்துக்கொள்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

இணையதளம் தொடங்கும் அமைப்புகள் பலவும் "எது புதுசு?" என்றுதான் முதலில் கேட்கின்றன. நாளைக்கு அதை யார் பராமரிப்பது என்ற கேள்வி அபூர்வம். இணையப் பக்கங்களில் அனிமேஷனும் வீடியோவும் காட்ட ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த ஃபிளாஷ் மென்பொருளுக்கு 2020 டிசம்பர் 31-உடன் அடோபி நிறுவனம் ஆதரவை நிறுத்தியது. அதை நம்பிக் கட்டிய பக்கங்கள் பிரவுசரில் திறக்காமலே போயின. தளம் கட்டி நடத்த உதவும் மென்பொருளான துருபலின், 2011-இல் வந்த 7-ஆம் பதிப்புக்கும் அதிகாரப்பூர்வ ஆதரவு 2025 ஜனவரி 5-உடன் முடிந்தது. அடுத்த பதிப்பு அடியோடு மாற்றி எழுதப்பட்டதால், அதற்கு மாறுவது கிட்டத்தட்ட புதுத் தளம் கட்டுகிற வேலை.

முகவரி, தொலைபேசி எண், நாலு அறிவிப்பு மட்டும் என்றால் தகவல்களைச் சேமித்து எடுத்துத் தரும் தரவுத்தளமே வேண்டாம். எச்டிஎம்எல் என்ற குறிமொழியில் எழுதிய வெறும் பக்கங்கள் போதும். பலர் அடிக்கடி எழுதிப் பதிவேற்ற வேண்டுமா? சரி, துருபல் போன்ற இன்னொரு மென்பொருளான வேர்ட்பிரஸ் போடலாம். ஆனால் கூடுதல் வசதி தரும் பிளக்-இன்களை இஷ்டத்துக்குச் சேர்த்துவிட்டு அப்டேட் செய்யாமல் விட்டால், ஹேக்கர்கள் நுழைய அதுவே வழி.

அப்புறம், தளம் கட்டித் தருபவரின் பெயரிலேயே டொமைனை, அதாவது தளத்தின் இணைய முகவரியை, பதிவு செய்ய விடுகிறார்கள். அவரோடு மனஸ்தாபம் வந்தால் இணைய முகவரியே கைவிட்டுப் போகும். டொமைனும், தளத்தை வைக்க சர்வரில் இடம் தரும் ஹோஸ்டிங் கணக்கும் அமைப்பின் பெயரில் இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

– ஒரு வாசகர்